கிரேன்காரரின் பேரமைதி

"நூத்தி எழுபத்திரண்டு," என்றார் டாக்டரம்மா, கையில் சுற்றியிருந்த பட்டையிலிருந்து காற்றை இறக்கியபடி. "கீழே நூத்தி ஆறு."

"மீட்டரா?" என்று கேட்டார் உச்சியார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உச்சியாருக்கும் சிரிப்பு வரவில்லைதான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக எதையும் மீட்டரில் அளந்தே பழகியவர். முப்பது மாடி, நாற்பது மாடி என்று எழும்பும் கட்டிடங்களின் பக்கத்தில் ஒற்றைக்கால் ராட்சசன் மாதிரி நிற்குமே, அந்த டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிப் பெட்டி ஒன்றுக்குள் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவர் அவர். காலையில் இருநூற்றெண்பது படி ஏணி ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். சாப்பாட்டுப் பை கயிற்றில் கட்டி மேலே போகும். அந்தப் பக்கம் பறக்கிற பறவைகள்கூட அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பறக்கும் என்பார்கள். மூன்று டன் கான்கிரீட் வாளியை முட்டை ஒன்றின் மேல் இறக்கச் சொன்னால் இறக்குவார். முட்டைக்கு விஷயம் தெரியாது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. மற்ற இடங்களில் எல்லாம் அவர் உச்சியார்தான்.

"முப்பது நாள் டைம் தர்றேன்," என்றார் டாக்டரம்மா. வயது முப்பதுகூட இருக்காது, ஆனால் முகத்தில் ஒரு நீதிபதி குடியிருந்தார். "அதுக்குள்ள பிரஷர் நூத்தி நாப்பதுக்குக் கீழ வரணும். வரலைன்னா மேலே ஏற சர்டிபிகேட் கிடையாது. கீழே வேலை கொடுக்கச் சொல்லி எழுதிடுவேன்."

"கீழேன்னா எங்கே டாக்டர்?"

"ஸ்டோர்ல ஒரு ஆள் தேவைன்னு சொன்னாங்க."

உச்சியாருக்கு அந்த நிமிடம் அளந்திருந்தால் கருவியே வெடித்திருக்கும். ஏனென்றால் ஸ்டோருக்குப் பொறுப்பாளன் அவர் மனைவியின் தம்பி. மச்சான் நல்லவன். அதுதான் தொல்லையே, கெட்டவனாக இருந்தால் ஒரு நாளில் உறவை முறித்துவிடலாம். மச்சானுக்கு வாய் மூடாது. ஒரு நட்டு வாங்கப் போகிறவனிடம் அந்த நட்டின் சரித்திரத்தில் ஆரம்பித்து, தனக்குச் சின்ன வயதில் டான்சில் எடுத்த கதைக்கு வந்து, எடுத்த டாக்டரின் மாமனார் சொத்துத் தகராறு வரைக்கும் போய்த்தான் நட்டைக் கையில் கொடுப்பான். முகம் மழித்துவிட்டுப் போன தொழிலாளிகள் தாடியோடு திரும்பி வந்திருக்கிறார்கள். அந்த ஸ்டோரில், அந்த வாய்க்குப் பக்கத்தில், ஓய்வு பெறும்வரை இன்னும் ஒன்பது வருஷம்!

"மாத்திரை எதுவும்..."

"அப்புறம் பார்க்கலாம். உங்களுக்குப் படபடப்பு இருக்கு, மனசுல ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு. உப்பைக் குறைங்க. நடங்க. தியானம் மாதிரி ஏதாவது பண்ணுங்க."

வீட்டுக்குப் போனால், வாசலில் மச்சானின் செருப்பு. சேதி அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்து, காப்பியும் குடித்து முடித்திருந்தது.

"மாமா, கவலையே படாதீங்க! ஸ்டோர்ல உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சாச்சு. என் நாற்காலிக்கு ஒட்டினாப்ல. முதுகுக்கு மெத்தை வச்சது."

"எனக்கு ஒண்ணும் வேணாம்டா. நான் முப்பது நாள்ல இறக்கிக் காட்டுறேன்."

"அப்படிச் சொல்லுங்க! அதுக்கும் ஏற்பாடு பண்ணிட்டேன். நான் போற தியான வகுப்புல உங்க பேரையும் கொடுத்துட்டேன். மாஸ்டர் இருக்காரே, மூச்சு மாஸ்டர், அவர் ஒரு தடவை மூச்சை இழுத்தார்னா ஜன்னல் திரை உள்ளே வந்துடும் மாமா."

"நீ தியானம் பண்றியா?" என்று கேட்டாள் அவன் அக்கா, சமையலறை வாசலில் நின்றபடி. "எப்பலேருந்து?"

"ரெண்டு வருஷமா அக்கா. அதுக்கப்புறம்தான் நான் இவ்வளவு கம்மியா பேசறேன்."

அவள் உள்ளே போய், பாத்திரத்தை ஒரு சத்தத்தோடு வைத்தாள். முப்பது வருஷக் குடித்தனத்தில் அந்தச் சத்தத்துக்கு உச்சியாருக்கு அர்த்தம் தெரியும்.

தியான வகுப்பு ஒரு டயர் கடையின் மாடியில் நடந்தது. கீழே சக்கரத்தைக் கழற்றும் இயந்திரம் 'டர்ர்ர்' என்று அலற, மேலே இருபத்தெட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து அமைதியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். தொலைத்த இடத்தில் தேடினாலாவது கிடைக்கும். இவர்கள் டயர் கடை மாடியில் தேடினார்கள். மூச்சு மாஸ்டர் தலையிலிருந்து கால்வரை வெள்ளை. ஐந்து வருஷம் முன்னால்வரை மெத்தை விற்றவராம். மக்களைத் தூங்க வைக்கும் தொழிலை அவர் விடவேயில்லை, மெத்தையை மட்டும்தான் விட்டிருந்தார். குரல் கிரீஸ் போட்ட பேரிங் மாதிரி வழுக்கியது.

"எண்ணங்கள் வரும்... வரட்டும்... அதுங்களை மேகங்கள் மாதிரி கடந்து போக விடுங்க..."

உச்சியார் கையைத் தூக்கினார். "மேகம் வந்தா விட முடியாதுங்களே."

"என்னது?"

"மேகம் வந்தா காத்து வரும். காத்து வந்தா கிரேனோட பிரேக்கை எடுத்துவிட்டு, கை அதும்பாட்டுக்குச் சுத்தட்டும்னு விட்டுட்டு, நான் இறங்கி வந்துடணும். உட்கார்ந்து வேடிக்கை பார்த்தா செத்துருவேன்."

"இது வேற மேகம்," என்றார் மாஸ்டர், பல்லைக் கடித்தபடி புன்னகைத்து. அந்தப் புன்னகைக்கு மட்டும் தனியாகப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கண். கண்ணை மூடச் சொன்னார்கள். கொக்கியில் பாரம் தொங்கும்போது கண்ணை மூடினவன் கொலைகாரன் என்று இருபத்திரண்டு வருஷமாக எலும்பில் எழுதி வைத்திருக்கும் மனிதரை மூடச் சொன்னால் எப்படி? முக்கால்வாசி மூடினார். கால்வாசி இமை அவர் பேச்சைக் கேட்க மறுத்து, மாஸ்டரின் கையையே பார்த்தது. ஏன் கையை என்றால், அதுவும் தொழில் பழக்கம்தான். கிரேன்காரர் கீழே நிற்பவனின் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார். வாக்கிடாக்கி எல்லாம் வந்துவிட்டாலும் அது கரகரத்துச் சாகும் நேரத்தில் கைதான் பேசும். விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் பாரத்தைத் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துப் பிடித்தால் எல்லாம் அப்படியே நிற்கட்டும், நான் மறுபடி சொல்லும்வரை ஒரு அங்குலம் அசையாதே என்று பொருள். அந்தக் கை பிரிகிறவரை, பிரளயமே வந்தாலும் கிரேன் அசையாது.

மூன்றாம் நாள் மாலை, மூச்சு மாஸ்டர் எல்லோருக்கும் எதிரில் வந்து நின்றார். கண்ணை மூடினார். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக்கொண்டார்.

உச்சியார் நின்றுவிட்டார்.

உட்கார்ந்த இடத்திலேயேதான் நின்றார். கை, கால், கழுத்து, கண்ணிமை எல்லாம் ஒரே நொடியில் பூட்டிக்கொண்டது. பாதி இழுத்த மூச்சு, எங்கே கொக்கியில் தொங்குகிறதோ அங்கேயே தொங்கி, திருட்டுத்தனமாக மூக்கின் ஓரமாய்ப் போய் வந்தது. பக்கத்துப் பாய்க்காரர் இருமினார். எதிர்ப் பாய் அம்மாள் குறட்டையே விட்டார். கீழே ஒரு டயர் வெடித்து, மாடியே ஒரு துள்ளு துள்ளியது. இருபத்தேழு பேரும் "ஐயோ" என்று எழுந்து ஜன்னலுக்கு ஓடினார்கள். உச்சியார் மட்டும் அசையவில்லை. காரணம், மாஸ்டரும் அசையவில்லை. மாஸ்டர் நின்றபடியே தூங்கிவிட்டிருந்தார் என்பது வேறு விஷயம்.

உள்ளுக்குள் உச்சியாரின் இதயம் கான்கிரீட் கலவை இயந்திரம் மாதிரி உருண்டது. 'ஏதோ ஆபத்து. கையைப் பிரிக்க மாட்டேங்கிறானே! என்னத்தைப் பார்த்தான்?' நாற்பது நிமிடம். கடைசியில் மாஸ்டர் விழித்து, கையைப் பிரித்து, எதிரில் கற்சிலையாய் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை, பாதி மூடிய கண், இமைக்காத பார்வை.

"எல்லாரும் இங்கே பாருங்க!" என்று கூவினார் மாஸ்டர். "பேரமைதி! மூணே நாள்ல! எனக்கே இதுக்குப் பதினோரு வருஷம் ஆச்சு!"

மெத்தை விற்ற காலத்தையும் சேர்த்துக் கணக்குச் சொன்னார் போலிருக்கிறது. மச்சான் அழுதேவிட்டான். "என் மாமா! என் அக்கா புருஷன்!" என்று பாய் பாயாகப் போய்ச் சொன்னான்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க," என்று உச்சியார் உண்மையைச் சொல்லப் பார்த்தார். "நீங்க கையைக் கோத்தீங்க, நான் நின்னுட்டேன், அவ்வளவுதான்."

"பணிவைப் பாருங்க!" என்றார் மாஸ்டர். கூட்டம் உச்சுக்கொட்டியது.

மறுநாளிலிருந்து அவருக்குப் பாய் கிடையாது. சுவரோரமாக ஒரு மேடை போட்டு, எல்லோரையும் பார்த்தபடி அதில் உட்கார வைத்தார்கள். புதிதாகச் சேர வருகிறவர்களை மாஸ்டர் அழைத்து வந்து, அருங்காட்சியகத்தில் எலும்புக்கூட்டைக் காட்டுவது மாதிரி காட்டினார். "இவர் பேச மாட்டார், அசைய மாட்டார். நீங்களும் இப்படி ஆகலாம்." வந்தவர்களில் ஒருவர் அவர் மூக்கின் கீழே விரல் வைத்துப் பார்த்தார். இன்னொரு அம்மாள் தன் பேரனுக்குக் கணக்கு வரவேண்டும் என்று அவர் காலைத் தொட்டுவிட்டுப் போனார். மேடையில் உட்கார மாட்டேன் என்று அவர் முகத்தைச் சுளித்தபோதெல்லாம் மச்சானின் கண் நனைந்தது. மாஸ்டர் கையைக் கோத்தார், இவர் பூட்டிக்கொண்டார். அபத்தம் என்று புத்திக்குத் தெரிகிறது. உடம்புக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்ன மருந்தாயிற்றே, கசந்தால்தான் வேலை செய்யும் என்று முப்பது நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு போனார்.

முப்பதாம் நாள் டாக்டரம்மா அளந்தார். நூற்றெழுபத்தெட்டு.

"தியானம் பண்ணீங்களா இல்லையா?"

"ஒரு நாள் தப்பலை டாக்டர். மேடை போட்டுப் பண்ணினேன்."

டாக்டரம்மா பேனாவைத் திறந்தார். உச்சியாரின் கண் முன்னால் மெத்தை வைத்த அந்த நாற்காலி வந்து நின்றது. அவர் இதுவரை யாரிடமும் கெஞ்சியதில்லை; அவ்வளவு உயரத்தில் கெஞ்ச ஆள் கிடைக்காது. இப்போது கெஞ்சினார். "டாக்டர், மேலே இருக்கும்போது எனக்கு ஒண்ணுமே இல்லை. சத்தியமா. தூங்குற குழந்தை மாதிரி இருக்கும் நெஞ்சு. கீழே வந்தாத்தான் இது கெடுது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க," என்றார் டாக்டரம்மா. ஆனால் பேனாவை மூடினார். அலமாரியிலிருந்து கைப்பட்டை ஒன்றையும், அதோடு குழாயால் சேர்ந்த சின்னப் பெட்டியையும் எடுத்தார். "இது அரை மணிக்கு ஒரு தடவை தானா காத்தடைச்சு அளந்து பதிவு பண்ணும். ஒரு நாள் முழுக்கக் கழட்டக் கூடாது. அளக்கிறப்பல்லாம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்கன்னு இந்த நோட்ல எழுதுங்க. பொய் எழுதாதீங்க. எண் காட்டிக் கொடுத்துரும்."

மறுநாள் பட்டை அவரோடு ஏணி ஏறியது. அன்றைக்குப் பார்த்துக் கண்ணாடிப் பலகைகள் வந்து இறங்கியிருந்தன; ஒவ்வொன்றும் ஒரு கதவைவிடப் பெரியது, பன்னிரண்டு பலகைகளாக ஒரு கட்டு, இருபத்தேழாம் மாடிக்குப் போகவேண்டும். மேற்கிலிருந்து காற்று. பட்டை 'ர்ர்ர்' என்று இறுகியபோது கண்ணாடிக் கட்டு நடு ஆகாயத்தில், சூரியனை நாலு பக்கமும் தெறித்துக்கொண்டு தொங்கியது. உச்சியார் இடது கையைத் தளர விட்டு, வலது கையால் நெம்புகோலை ஒரு தலைமயிர் அளவு நகர்த்தினார். கட்டு தன் நிழலை மெல்லப் பிடித்துக்கொண்டு போய் மாடியில் உட்கார்ந்தது. நோட்டில் எழுதினார்: 'கண்ணாடி.'

மாலை ஆறரைக்குப் பட்டை இறுகியபோது அவர் மேடையில் இருந்தார். முப்பத்தைந்து பேர் எதிரில். ஊசி விழுந்தால் கேட்கும் மௌனத்தில், பேரமைதி அடைந்தவரின் கையிலிருந்து வண்டு மாதிரி 'ர்ர்ர்ர்' என்று சத்தம். புதிதாக வந்தவர் ஒருவர் பின்வாங்கினார்.

"பயப்படாதீங்க," என்றார் மூச்சு மாஸ்டர், இமைகூடத் திறக்காமல். "இது அவருக்குள்ளேயிருந்து வர்ற நாதம்."

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்று உச்சியார் தனியாகத்தான் கிளம்பினார். மனைவி "நானும் வர்றேன், இந்த டாக்டர் என்னதான் சொல்றாங்கன்னு என் காதால கேக்கணும்" என்று சேர்ந்துகொண்டாள். மச்சான் கட்டிட வேலை நடக்கும் இடத்து மருத்துவ அறை வாசலிலேயே நின்றிருந்தான், அப்படியே கையோடு மாமாவை ஸ்டோருக்கு அழைத்துப் போக.

டாக்டரம்மா ஒரு நீளமான தாளை மேசையில் விரித்தார். அதில் கோடு ஏறி இறங்கி ஏறியது. பக்கத்தில் உச்சியாரின் நோட்டை வைத்துக்கொண்டார்.

"காலையில ஏழு. ஏணி ஏறியிருக்கீங்க. நூத்தி நாப்பத்தெட்டு. சரி, ஏறினா ஏறத்தான் செய்யும். எட்டு மணி, நூத்தி இருபத்தாறு. ஒன்பதரை, நூத்தி இருபத்திரண்டு. பதினொண்ணு, நூத்தி பத்தொன்பது. நோட்ல 'கண்ணாடி'ன்னு எழுதியிருக்கீங்க. கண்ணாடி பார்த்துத் தலை சீவினீங்களா?"

"இல்லை டாக்டர். ஒரு டன் கண்ணாடி கொக்கியில தொங்கிச்சு. காத்து வேற."

டாக்டரம்மா முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு விரல் கோட்டின் மேல் நகர்ந்தது. சாயங்காலத்தில் கோடு சட்டென்று கிரேன் மாதிரியே நிமிர்ந்து நின்றது.

"ஆறரை. நூத்தி எண்பத்தொண்ணு! ஏழு, நூத்தி எழுபத்தொன்பது! என்ன நடந்தது? சண்டையா? விபத்தா?"

உச்சியார் தலையைக் குனிந்துகொண்டார். "நோட்ல இருக்கு டாக்டர்."

டாக்டரம்மா நோட்டைப் படித்தார். "'பேரமைதி'."

வாசலில் நின்ற மச்சானின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஏழரை, வீட்டுக்கு நடந்து போயிருக்கீங்க, நூத்தி நாப்பத்தெட்டு, நல்லா இறங்குது. எட்டு மணி, நூத்தி முப்பத்தாறு. எட்டரை..." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நூத்தி எண்பத்தாறு. நாள்லயே இதுதான் உச்சம். 'மச்சான் வந்திருக்கான்'னு எழுதியிருக்கு."

அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் மௌனம். டயர் கடை மாடியில் மாஸ்டர் எத்தனை வருஷம் முயன்றும் கிடைக்காதது.

"ஒரு நிமிஷம்," என்றாள் மனைவி, நாற்காலியை முன்னால் இழுத்து. "எட்டு மணிக்கு அவர்கூட நான் மட்டும்தான் இருந்தேன். எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"நூத்தி முப்பத்தாறு."

"நூத்தி நாப்பதுக்குக் கீழேன்னா நான் பாஸ்தானே?"

"பாஸ்தாம்மா."

"முப்பது வருஷமா இந்த மனுஷன் வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை டாக்டர். அந்தத் தாள்ல எட்டு மணி இருக்கிற இடத்தை எனக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்க."

டாக்டரம்மா சர்டிபிகேட்டை எழுதினார். வேலை நேரத்தில் அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆறு மாதத்துக்குத் தகுதி. காலையில் ஒரு சின்ன மாத்திரை. ஆறு மாதம் கழித்து மறுபடி பட்டை. கையெழுத்தைப் போட்டுவிட்டு, "அந்த வகுப்புக்கு மட்டும் இனிமே போகாதீங்க. செத்துருவீங்க," என்றார்.

வெளியே வந்ததும் மனைவி நகலை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பேருந்துக்குப் போனாள். மச்சான் சுவரோரமாக நின்று செருப்பு நுனியால் தரையைக் கீறினான். உச்சியாருக்குக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு துள்ளவேண்டும் போலிருந்தது, ஆனால் அவன் முகத்தைப் பார்த்தால் துள்ள வரவில்லை.

"அது மெஷின்டா. மெஷின் சொல்றதையெல்லாம் மனசுல வச்சுக்காதே."

"இல்லை மாமா." மச்சான் மூக்கை உறிஞ்சினான். "அந்தப் பட்டையை எனக்கும் ஒரு நாள் கட்டச் சொல்லணும்."

"உனக்கு எதுக்கு?"

"நான் உங்க வீட்டுக்கு வந்து, எதிர்ல உட்கார்ந்து, ஒவ்வொரு கதையா எடுத்து விடுறேனே, நீங்க 'ம்'னுகூடச் சொல்லாம சுவத்தைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கீங்களே. அப்போ எனக்கு எவ்வளவு ஏறுதுன்னு பார்க்கணும். இருபது வருஷமா பார்க்கணும்னு இருக்கேன்."

உச்சியார் சர்டிபிகேட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். மூன்று டன்னை எங்கே இறக்குவது என்று தெரியும். இதை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. கடைசியில், "சரி, வா. கிரேன் வரைக்கும் கூட நட," என்றார்.

கம்பிக் கட்டுகளையும் மணல் குவியலையும் சுற்றிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். மாமா பேசவில்லை, மச்சானும் பேசவில்லை. இத்தனை நாளில் உருப்படியாக நடந்த தியானம் என்றால் அது ஒன்றுதான். நாலு நிமிடம் நீடித்தது.

"மாமா, மணல்னதும் ஞாபகம் வருது," என்றான் மச்சான், "போன வருஷம் ஒருத்தன் மணல் லாரியோட வந்தான் பாருங்க, அவனோட பெரியப்பாவுக்கு..."

"ம்," என்றார் உச்சியார், ஏணியின் முதல் படியில் கால் வைத்தபடி. "அவருக்கு என்ன?"

மச்சான் மலர்ந்துபோய்ச் சொல்ல ஆரம்பித்தான். உச்சியார் முதல் படியிலேயே நின்று, பெரியப்பாவின் இரண்டாம் கல்யாணம் முடியும்வரை கேட்டார். மூன்றாவது ஆரம்பித்தபோதுதான் ஏறினார். ஆனால் ஏறின வேகத்தைப் பார்த்தவர்கள், ஐம்பத்தொரு வயது மனிதன் அப்படி ஏறி எங்கேயும் பார்த்ததில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.